பின் சக்கரத்து டிஸ்க் பிரேக்: காலிப்பரைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



இன்றைக்கு நம்ம கிராமங்களில் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. விடியற்காலையில் அதிலேதான் பால் கேன் சொசைட்டிக்குப் போகிறது. பத்து மணிக்கு அதே வண்டியில் தவிட்டு மூட்டை, உர மூட்டை, மருந்து தெளிக்கும் ஸ்பிரேயர். சாயங்காலம் அதே பின் சீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஆக, மாடு செய்த வேலை, வண்டி செய்த வேலை எல்லாவற்றையும் இந்த ஒரு இயந்திரம் செய்கிறது. அது ஓடாவிட்டால் ஒரு நாள் வேலை கெடும், அவ்வளவுதான். ஆனால் அது நிற்காவிட்டால்? அங்கேதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் வருகிறது.

அதனால் இன்று, பின் சக்கரத்து டிஸ்க் பிரேக்கில் உள்ள காலிப்பர் என்ற பாகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது தேய்ந்து கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைப் பழுது பார்க்கலாம், எப்போது முழுசாக மாற்றியாக வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பின் சக்கரத்தில் டிரம்முக்குள்ளே கட்டை பிடிக்கும் பழைய மாதிரி பிரேக் உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. சக்கரத்தோடு ஒரு இரும்புத் தட்டு சுற்றி, அதை ஒரு இடுக்கி கவ்விப் பிடிக்கிற மாதிரி இருந்தால், அது டிஸ்க் பிரேக். அந்த இடுக்கிதான் காலிப்பர்.

"நிறுத்துறது முன் பிரேக்குதானே, பின் பிரேக் எதுக்குங்க?" என்று சிலர் கேட்பதுண்டு. ஆள் ஒருவர் மட்டும் போகும்போது அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். ஆனால் பின்னால் இரண்டு கேன் பால் தொங்கும்போது பாரம் பின் சக்கரத்தில் இருக்கிறது. மண் ரோட்டிலும், ஈரமான தார் ரோட்டிலும், கரும்புச் சக்கையும் நெல்லும் சிதறிக் கிடக்கிற இடத்திலும் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கி ஆளைக் கீழே தள்ளிவிடும். அங்கெல்லாம் காலுக்கடியில் உள்ள பின் பிரேக்தான் நம்மைக் காப்பாற்றுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

கைத் தெளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியை அழுத்தினால் உள்ளே பிஸ்டன் தள்ளுகிறது, மருந்து குழாய் வழியாகப் பாய்கிறது. பிரேக்கும் ஏறக்குறைய அதே தத்துவம்தான். காலால் மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சிறிய பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் ஹோஸ் பைப் வழியாகக் காலிப்பருக்கு வந்து, அங்குள்ள பெரிய பிஸ்டனைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும் என்று 17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அதுதான் இங்கே வேலை செய்கிறது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 14 மி.மீ. குறுக்களவும், காலிப்பர் பிஸ்டன் 28 மி.மீ. குறுக்களவும் என்று வைத்துக்கொள்வோம். குறுக்களவு 2 மடங்கு என்றால் பரப்பு 4 மடங்கு. ஆகவே தள்ளும் பலமும் 4 மடங்காகிறது.

நம் வண்டிகளில் பெரும்பாலும் காலிப்பரின் ஒரு பக்கத்தில்தான் பிஸ்டன் இருக்கும். அது தன் பக்கத்துப் பேடை டிஸ்கின் மேல் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தின் எதிர்விசையால் காலிப்பர் உடம்பே இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, மறுபக்கத்துப் பேடையும் இழுத்து டிஸ்கோடு சேர்க்கிறது. ஆகவே பிஸ்டனும் தாராளமாக நகர வேண்டும், பின்களின் மேல் காலிப்பரும் தாராளமாக நகர வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இறுகினாலும் பிரேக் கெட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மிதியை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான். பிஸ்டன் முன்னே போகும்போது அந்தச் சீல் லேசாக முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை தூரம் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. சீல் காய்ந்து விறைத்துவிட்டால் இந்த வேலை நடக்காது. பேடு டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும்.

ஏன் கெடுகிறது?

பட்டணத்து வண்டியைவிட நம் வண்டியில் காலிப்பர் சீக்கிரம் கெடும். சேறும் தண்ணீரும் முதல் காரணம். வரப்பிலும் வாய்க்காலிலும் போய் வந்த வண்டியில், பின் சக்கரம் வாரி அடிக்கும் சேறு நேரே காலிப்பரின் மேல் விழுகிறது. அது காய்ந்து பிஸ்டன் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டாவது காரணம் உரம். பொட்டாஷ் என்பது ஒரு உப்பு. மூட்டை ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொட்டி, பனியும் ஈரமும் பட்டால், இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கத் தொடங்கிவிடும். உர மூட்டை ஏற்றிய அன்றே பின் சக்கரத்துப் பக்கம் சாதாரணத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சும் பம்பு தண்ணீரைக் காலிப்பரின் மேல் நேராக அடிக்காதீர்கள். ரப்பரைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும்.

மூன்றாவது காரணம் பழைய பிரேக் ஆயில். இது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 155 டிகிரிதான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மூட்டையோடு அங்கிருந்து இறங்குகிறவர் வழியெல்லாம் பின் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், காலிப்பர் சூடேறி, ஈரம் கலந்த ஆயில் உள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. ஆகவே மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது! இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சின் இழுப்பிலேயே வண்டியை இறக்க வேண்டும். பிரேக்கை விட்டு விட்டுப் போட வேண்டும்.

அடையாளங்கள்

கெட்டுப்போன காலிப்பர் முன்கூட்டியே சொல்லத்தான் செய்யும். "ஏதோ லேசா சத்தம் வருது, அறுப்பு முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் நாம் செய்வது. கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பாருங்கள்.

1. பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கிறது, வண்டி இழுவையாக இருக்கிறது.

2. கொஞ்ச தூரம் போனதுமே பின் டிஸ்க் கொதிக்கிறது, கருகல் வாசனை வருகிறது. டிஸ்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். கையைப் பக்கத்தில் காட்டினாலே அனல் தெரியும். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றவும் கூடாது, தட்டு கோணிவிடும்.

3. மிதி முன்னைவிட ஆழமாக இறங்குகிறது அல்லது பஞ்சை மிதித்த மாதிரி இருக்கிறது.

4. காலிப்பரைச் சுற்றி எண்ணெய்க் கசிவு தெரிகிறது.

5. கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வருகிறது. பேடு முழுக்கத் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்கை அறுக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு விளக்கம். பேடு தேயத் தேய, பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பும். அதனால் கசிவே இல்லாவிட்டாலும் டப்பாவில் ஆயில் மட்டம் குறையும். மட்டம் குறைந்ததென்று உடனே ஊற்றிவிடாதீர்கள். முதலில் பேடைப் பாருங்கள். பேடு நன்றாக இருந்தும் ஆயில் குறைந்தால், எங்கேயோ ஒழுகுகிறது.

குற்றவாளி காலிப்பர்தானா?

காலிப்பரை மாற்றிவிட்டு, பழைய கோளாறு அப்படியே இருந்தால் பணம் தண்டம். ஆகவே முதலில் சோதனை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயின் இழுப்பு இருப்பதால் சைக்கிள் சக்கரம் மாதிரி சுற்றாது. பேடு லேசாக உரசும் சத்தமும் வழக்கம்தான். இப்போது மிதியை நன்றாக அழுத்தி விட்டுவிட்டு மறுபடி சுற்றுங்கள். முன்னைவிட இறுக்கமாக இருந்தால் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படிப் பிடித்துக்கொண்ட நிலையிலேயே, காலிப்பரில் உள்ள பிளீடிங் நிப்பிளில் ஒரு சிறு டியூபை மாட்டி, கால் சுற்று திறந்துவிடுங்கள். கொஞ்சம் ஆயில் வந்து சக்கரம் விடுபட்டால், காலிப்பர் மேல் குற்றமில்லை. அழுத்தம் மேலேயே சிக்கியிருக்கிறது. ஹோஸ் பைப் உள்ளுக்குள் வீங்கியிருக்கலாம், மாஸ்டர் சிலிண்டரின் சின்னத் துளை அடைத்திருக்கலாம், அல்லது மிதிக்கு விளையாட்டு இடைவெளி இல்லாமல் முறுக்கி வைத்திருக்கலாம். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால், பிஸ்டனோ பின்களோ இறுகிவிட்டன. அது காலிப்பர் வேலைதான்.

பேடுகளைக் கழற்றிப் பார்த்தாலும் கதை தெரியும். பிஸ்டன் பக்கத்துப் பேடு தேய்ந்து, மறுபக்கத்துப் பேடு புதுசு போல் இருந்தால், பின்கள் இறுகியிருக்கின்றன. இரண்டும் சீக்கிரமே தேய்ந்திருந்தால் பிஸ்டன் திரும்பவில்லை. முதல் கோளாறுக்குப் பெரும்பாலும் காலிப்பர் மாற்ற வேண்டியதே இல்லை. பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பர் உறைகளைப் பார்த்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டினால் போதும். செயினுக்கும் சக்கரத்துக்கும் போடுகிற சாதாரண கிரீஸைத் தடவாதீர்கள், ரப்பர் உறை ஊதிப்போய் பின் மறுபடி இறுகிவிடும்.

பழுது பார்க்கும் முறை

ஸ்பேனர் பிடித்துப் பழக்கமுள்ளவர்கள் இதை வீட்டிலேயே செய்யலாம். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்திலிருந்து பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. முதலில் கடையில் உங்கள் வண்டி மாடலைச் சொல்லி சீல் செட், பேடு ஒரு ஜோடி, ஹோஸ் போல்டுக்கு 2 செம்பு வாஷர், மூடி பிரிக்காத பிரேக் ஆயில் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரக ஆயில் என்பது டப்பா மூடியிலேயே பொறித்திருக்கும்.

காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே பேடு பின்னையும் ஹோஸ் போல்டையும் ஒரு தடவை நெகிழ்த்தி, லேசாக முடுக்கி வையுங்கள். கழற்றின பிறகு கையில் பிடித்துக்கொண்டு திருகுவது கஷ்டம். பிறகு பேடுகளை எடுத்துவிட்டுக் காலிப்பரை இறக்குங்கள். பேடுத் தூளை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள், அது நுரையீரலுக்குக் கேடு.

ஹோஸ் மாட்டியபடியே, கீழே ஒரு தட்டை வைத்து, மிதியை மெல்ல மெல்ல அழுத்தினால் பிஸ்டன் வெளியே வரும். பிஸ்டனுக்கு எதிரே விரலை வைக்கவே கூடாது. சிலர் பஞ்சர் கடைக் காற்றை அடித்துத் தள்ளுவார்கள். துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும், வேண்டாம். பிஸ்டன் வந்ததும் ஹோஸைக் கழற்றி, அதன் முனையைச் சுத்தமான பாலித்தீன் பையால் கட்டிவிடுங்கள்.

பிஸ்டனைத் துடைத்து வெயிலில் பாருங்கள். கறை மட்டும் இருந்தால் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரப்படுத்தி லேசாகத் தேய்க்கலாம். சீல் படுகிற இடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தாலோ, மேல் பூச்சு உரிந்திருந்தாலோ பிஸ்டன் உதவாது. அதைத் தேய்த்துப் போட்டால் புது சீலையும் கிழித்துவிடும்.

காலிப்பருக்குள் இரண்டு ரப்பர் வளையங்கள் இருக்கும். உள்ளே இருப்பது ஆயில் சீல், வெளியே இருப்பது தூசி சீல். இரண்டையும் எடுத்து எறிந்துவிடுங்கள். அவை உட்கார்ந்திருந்த பள்ளத்தில் வெள்ளையாகப் பொரிந்து உப்புப் பூத்திருக்கும். பிஸ்டன் இறுகுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். உப்பு சீலைப் பின்னாலிருந்து தள்ளி, பிஸ்டனை இறுக்கிவிடுகிறது. அதைச் சுரண்டாமல் புது சீல் போட்டால், சில நாளில் பழைய கதைதான். மூங்கில் சிம்பைச் சீவி, அதனால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். திருப்புளியால் குத்திக் கீறல் போட்டுவிடாதீர்கள்.

கழுவுவதற்குப் பிரேக் ஆயிலையே உபயோகியுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் ஆகாது. அவை பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போகும். அதே காரணத்தால்தான் பிரேக் ஆயில் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றவே கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். "ஆயில்தானே, எது ஊத்துனா என்ன?" என்று ஒரு தடவை ஊற்றினால், மேலிருந்து கீழ் வரை எல்லாச் சீலும் போச்சு.

புதுச் சீல்களைப் பிரேக் ஆயிலில் நனைத்து, முறுக்காமல் பள்ளத்தில் உட்கார வையுங்கள். பிஸ்டனையும் நனைத்து, நேராகப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்துங்கள். போகவில்லையென்றால் கோணலாக இருக்கிறது. சுத்தியலைத் தேடாதீர்கள், எடுத்து மறுபடி நேராக வையுங்கள்.

எப்போது முழுசாக மாற்ற வேண்டும்?

பிஸ்டன் ஓடும் துளையில் ஆழமான கீறலோ அரிப்போ இருந்தால், காலிப்பர் உடம்பில் விரிசல் இருந்தால், நிப்பிள் உள்ளேயே முறிந்தால், போல்டு மரை கழன்றிருந்தால், பின் ஓடும் துளை அகண்டு காலிப்பர் ஆட்டம் கொடுத்தால், யோசிக்காமல் மாற்றுங்கள். பற்றவைத்தோ, பசை ஊற்றியோ ஒட்டுப் போடும் இடம் இது இல்லை. பழைய சாமான் கடையில் வாங்கும் காலிப்பரையும் அப்படியே மாட்டக் கூடாது. அதையும் பிரித்து, புது சீல் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

கூடவே டிஸ்கையும் பாருங்கள். எவ்வளவு தடிமன் வரை தேயலாம் என்று டிஸ்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பேடை எப்போதும் ஜோடியாகவே மாற்றுங்கள். பேடில் உள்ள அடையாளப் பள்ளம் மறைந்தாலே அதன் ஆயுள் முடிந்தது.

ஏர் எடுப்பது

மாட்டி முடித்ததும் ஹோஸ் போல்டின் இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர் போட்டு முடுக்குங்கள். டப்பாவில் ஆயிலை நிரப்புங்கள். நிப்பிளில் கண்ணாடி டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க வையுங்கள். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மிதியைச் சில தடவை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயிலும் குமிழியும் வரும். நிப்பிளை மூடின பிறகுதான் மிதியை விட வேண்டும். திறந்திருக்கும்போதே விட்டால் காற்று உள்ளே போய்விடும். குமிழி நின்று, மிதி கல் மாதிரி உறுதியாகும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். டப்பாவில் ஆயில் தீர்ந்துவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெயிண்டின் மேல் பட்ட ஆயிலை உடனே தண்ணீரால் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். வடித்த பழைய ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மாடு, பிள்ளை யார் வாயில் பட்டாலும் விஷம்.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பின் சக்கரத்திலும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியானால், டிஸ்குக்குப் பக்கத்தில் ஒரு பல் வளையமும் ஒரு சென்சாரும் இருக்கும். அதன் ஒயரை இழுத்துவிடாதீர்கள். எவ்வளவு ஏர் எடுத்தும் மிதி உறுதியாகவில்லை என்றால், காற்று ஏ.பி.எஸ். பெட்டிக்குள் போயிருக்கக்கூடும். அதை எடுக்கும் கருவி கம்பெனி பட்டறையில்தான் இருக்கும்.

ஓட்டுமுன்

வேலை முடிந்ததும் உடனே வண்டியை எடுத்துவிடாதீர்கள். பிஸ்டன் உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில மிதி வெறுமையாகப் போகும். நின்ற இடத்திலேயே பல தடவை மிதித்து, மிதி உறுதியானதைத் தெரிந்துகொண்ட பிறகே நகர்த்துங்கள். இதை மறந்து வாசலிலேயே மோதியவர்கள் உண்டு. டிஸ்கில் கிரீஸோ ஆயிலோ பட்டிருந்தால் சுத்தமாகத் துடையுங்கள். சமதரையில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். போல்டுகளையும் கசிவையும் இன்னொரு முறை சோதியுங்கள். புதுப் பேடு டிஸ்கோடு பொருந்திப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை பாரம் ஏற்றுவதும் வேகமும் வேண்டாம்.

இனிமேல் மாதம் ஒரு தடவை பேடைப் பாருங்கள். 2 வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இந்த மூன்றையும் செய்தாலே காலிப்பர் பல வருஷம் உழைக்கும். மாட்டுக்கு லாடம் தேய்ந்தால் அடுத்த சந்தை வரை காத்திருக்க மாட்டோம், உடனே அடிப்போம். வண்டியின் பிரேக்குக்கும் அதே அக்கறையைக் காட்டுங்கள். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது நம்ம பிள்ளை.